மாட்டின் காலில்

பேக்கார்டின் கையேடு, பக்கம் நூற்றுப் பன்னிரண்டு:
'எங்கள் எண்ணெய் மட்டுமே. வேறெதுவும் ஊற்ற வேண்டாம்.'
அந்த 'எங்கள்' என்பவர்கள்
நான் பிறக்கும் முன்பே கடையைச் சாத்திவிட்டார்கள்.

தகர டப்பாவைக் கவிழ்த்து இரண்டு இரவு வைத்தேன்.
ஒரு தேக்கரண்டி வந்தது,
அதுவும் துருவோடு.

இது சவ ஊர்தி. ஐம்பத்து நான்காம் வருடத்து வண்டி.
தக்குவாரெம்போவில் எங்களை நம்பிச் சாகிறவர்கள்
இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள்.
கல்லறைக்குப் போகும் சாலை இறக்கம்,
இறக்கத்தின் அடியில் பள்ளிக்கூடம்.
பின்னால் படுத்திருப்பவருக்கு அவசரமில்லை.
அவருக்கு முன்னால் போய்ச் சேர
எனக்கும் விருப்பமில்லை.

பிரேக்குக்குக் கைகொடுக்கும் இரும்பு உருளைக்குள்
ஒரு பிஸ்டன், அதைச் சுற்றித் தோல் வளையம்.
ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் வெற்றிடம்.
தோல் காய்ந்தால் காற்று கசியும்,
காற்று கசிந்தால் மிதி கல்லாகும்.
ஏப்ரலில் கல்லானது.
டாக்டர் பெனாவிதெஸின் பெட்டி பின்னால் சரிய,
சீட்டை விட்டு எழுந்து
இரண்டு காலாலும் மிதிமேல் நின்றேன்,
பாவாடை கிழிய.

பிறகு ஆளாளுக்கு ஓர் எண்ணெய் சொன்னார்கள்.
மைத்துனன் வாஷிங்டன்
(இங்கே அது சாதாரணப் பெயர்)
எஞ்சின் ஆயிலை ஊற்று என்றான், எண்ணெய் எண்ணெய்தானே.
சமையலிலும் அவனுக்கு அதே கொள்கை.
மருந்துக்கடை தெல்மிரா விளக்கெண்ணெய் தந்தாள்,
அந்தக் காலத்துப் பிரேக் திரவத்தில் பாதி அதுதானாம்.
பஸ் டிப்போ ஃபிரேய்தாஸ்
ஷாக் அப்சார்பர் எண்ணெயில் கால் லிட்டர்
காசு வாங்காமல் கொடுத்தார்,
அதனாலேயே சந்தேகப்பட்டேன்.

பால் ஜாம் பாட்டில்கள் மூன்று.
ஒவ்வொன்றிலும் பழைய தோலில் ஒரு துண்டு, ரப்பரில் ஒரு துண்டு.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தேன்.
மூன்றில் ஒன்றில் விளக்கெண்ணெயே இருந்தது.

எஞ்சின் ஆயிலில் ரப்பர் நாலே நாளில்
கோபித்துக்கொண்ட முகம்போல் உப்பிவிட்டது.
மே மாத உறைபனியில், மொட்டைமாடியில்,
விளக்கெண்ணெய் தேனாகிப் பிசினாகிக்
கரண்டியை விட மறுத்தது.
ஃபிரேய்தாஸின் எண்ணெயில் ஒரு குறையும் இல்லை.
நேர்மையாகச் சொன்னால் அதையே ஊற்றியிருக்கலாம்.

ஆனால் புது வளையத்துக்குத் தோல் வாங்க
சேணக்காரர் ஓரெஸ்தெஸிடம் போனபோது
அவர் தூரிகை மஞ்சளாக எதிலோ தோய்ந்திருந்தது.
என்ன அது?
மாட்டுக்கால் எண்ணெய்.
குளம்பையும் கணுக்கால் எலும்பையும் வேகவைத்து எடுப்பது,
சேணத்துக்கு வேறெதுவும் போடமாட்டேன் என்றார்.
மனிதரைவிட மாடு அதிகமான நாட்டில்
நான் ஒரு மாதம் பாட்டில்களை முறைத்திருக்கிறேன்.
கடைசியில்
மாட்டின் காலில் விழுந்தேன்.

ஒருகாலத்தில் இந்தத் தோலைச் சுமந்து
புல்வெளியில் நடந்திருக்கும் கால்.
இப்போது இரும்பு இருட்டுக்குள்
சொட்டுச் சொட்டாக அதைத் தேடி வருகிறது.
அடையாளம் தெரிந்ததா என்று கேட்காதீர்கள்.
குடித்தது. விடியும்வரை குடித்தது.

திரவம் இருக்கும் பக்கத்துக்கு மட்டும்
ஒரு சொட்டும் போகக்கூடாது,
அங்கே உள்ள ரப்பர் வேறு சாதி.
நடுவில் ஒரே ஒரு தடுப்பு.
பேச்சு நின்றுபோன சம்பந்தி வீடுகள்
ஒரே சுவரைப் பங்கிடுவதுபோல.

வியாழக்கிழமை, பியானோ டீச்சர் ஒஃபேலியா ப்ரூம்.
தாளத்தை முந்தினால்
ஸ்கேலால் விரலில் அடிப்பவர்.
வலது ஷூவைக் கழற்றிவிட்டு ஓட்டினேன்.
இறக்கத்தில் மிதிக்கு முன்
உள்ளங்கால் வியர்த்தது.
தரைக்கு அடியில் மெல்ல ஒரு மூச்சு,
மிதி இறங்கியது, கூடவே நானும்.
வெள்ளை அங்கியில் நீல முடிச்சுக் கட்டிய பிள்ளைகள்
எங்களை நிமிர்ந்துகூடப் பாராமல்
சாலையைக் கடந்தார்கள்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
'எங்கள்' என்ற சொல்லுக்கு அடியில்
பென்சிலால் ஓரெஸ்தெஸின் போன் நம்பரை எழுதினேன்.
ஜூலைக் குளிருக்கு இது இறுகுமா, தெரியாது.
மிச்சத்தை வாஷிங்டன் கேட்கிறான்,
பூட்ஸுக்காம்.